சாட்சிக் கையெழுத்து

என் சித்தப்பா உயில் எழுதியது ஆவணி மாதத்தில், ஒரு வளர்பிறை வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் பார்த்து, காகிதத்தின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பெரியவர்களை அழைத்திருந்தார். ஒருவர் அவருடைய அக்காவை மணந்த அத்திம்பேர். மற்றவர் அதே மயிலாப்பூர் சந்தில் நான்கு வீடு தள்ளிக் குடியிருந்த, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். இருவரும் எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள். நானும் ஒரு சாட்சியாக இருக்கட்டுமே என்று சித்தி சொன்னாளாம். "பெரியவா ரெண்டு பேர் இருக்கச்சே அவன் எதுக்கு? சின்னப் பையன்" என்று அத்திம்பேர் மறுத்துவிட்டார். எனக்கு அப்போது முப்பத்தொன்று. பத்திரிகை அலுவலகத்தில் யாருடைய செய்தியையோ திருத்திக்கொண்டிருந்தேன்.

உயிலில் இருந்தது ஒரே விஷயம். வீடு, தனக்குப் பிறகு மனைவிக்கு. அவர்களுடைய ஒரே மகன் இருபத்திரண்டு வயதில் வடக்கே போனான். இரண்டு கடிதங்களுக்குப் பிறகு அவனிடமிருந்து தகவல் இல்லை. உயில் இல்லாவிட்டால் வீட்டில் பாதி அவனுடையது. அவன் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது. சித்தப்பா அதை யோசித்துத்தான் எழுதினார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் இறந்தார். மூன்று வருடம் கழித்துச் சித்திக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு குழறியது, புத்தி தெளிவாக இருந்தது.

பகலுக்கு ஒரு ஆயா, இரவுக்கு ஒரு ஆயா வைத்தோம். பகலில் வந்தவள் கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் குடியிருந்தவள். சித்தியின் எடையில் பாதிகூட இருக்கமாட்டாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது சித்தியின் முழங்கால்களைத் தன் முழங்கால்களால் அணைத்து, தன் உடம்பைப் பின்னால் சாய்ப்பாள். சித்தி எழுந்து, அரை வட்டம் திரும்பி, உட்கார்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் இரண்டு ஆண்கள் சேர்ந்து செய்த வேலை அது. நான் தினமும் பார்த்தேன். பார்த்தும் அது எப்படி நடக்கிறதென்று எனக்குப் பிடிபடவில்லை.

குடும்ப பென்ஷனும் என் சம்பளத்தில் ஒரு பங்கும் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. வளையல்கள் அடகுக்குப் போயின. தாம்பரத்துக்கு அப்பால் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். ஒரு கூடத்தில் பன்னிரண்டு கட்டில்கள். திரும்பி வந்து சொன்னபோது சித்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

அப்போதுதான் ஒரு ப்ரமோட்டர் வந்தார். தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுவதில் மயிலாப்பூர் முழுவதும் மும்முரமாக இருந்த காலம். கீழ்த்தளத்தில் சித்திக்கு ஒரு ஃப்ளாட், வாடகைக்கு விட மாடியில் ஒன்று, அடகை மீட்கக் கொஞ்சம் முன்பணம். கட்டி முடியும்வரை அவர் செலவில் அதே தெருவில் வாடகை வீடு. எல்லாம் பொருந்தியது. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: உயிலை ஹைகோர்ட்டில் நிரூபித்து ப்ரொபேட் உத்தரவு வாங்கி வர வேண்டும்.

தி.நகரில் ஒரு வக்கீலிடம் உயிலைக் கொடுத்தேன். அவர் மஞ்சள் கறையைப் பார்த்தார், சாட்சிகளின் பெயரைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் இருக்காங்களா?"

"இல்லை."

"ராகுகாலம் பாத்திருக்கீங்க, பிறை பாத்திருக்கீங்க. சாட்சிக்கு வயசு பாக்கலையே சார். மரியாதைக்காகத் தெருவுலயே மூத்தவரைக் கூப்பிடுறது. கோர்ட்டுக்கு அவர் வரவேண்டிய அன்னிக்குச் சுவத்துல மாலையோட தொங்குவாரு. வாரத்துக்கு ஒரு கேஸ் இப்படி வருது."

சாட்சிகள் இல்லையென்றால் அவர்களில் ஒருவருடைய கையெழுத்தையாவது தெரிந்தவர் வந்து சொல்ல வேண்டும் என்றார். சித்தப்பாவின் கையெழுத்துக்கு நானே போதும். ஆனால் அத்திம்பேரின் கையெழுத்தை நான் பார்த்ததில்லை; சொல்ல அத்தையும் இல்லை, குழந்தைகளும் இல்லை. போஸ்ட்மாஸ்டரின் குடும்பம் வீட்டைக் காலி செய்து எங்கோ போய்விட்டது. சித்தியின் கண்ணெதிரேதான் கையெழுத்துப் போட்டார்கள். சொத்து அவளுக்கே வருவதால் அவள் சொல் மட்டும் போதாது.

போஸ்ட்மாஸ்டர் பென்ஷன் வாங்கிய வங்கியில் விசாரித்தேன். மாதிரிக் கையெழுத்து ஒட்டிய பழைய அட்டைகளைத் தூக்கிப்போட்டுவிட்டார்களாம். பென்ஷன் கவுண்டரில் வெகுகாலம் இருந்த ஒரு குமாஸ்தா ஓய்வுபெற்றுக் கோடம்பாக்கத்தில் இருக்கிறார் என்றார்கள்.

போகும் முன் ஒரு தாளில் ஆறு கையெழுத்துகளை ஜெராக்ஸ் எடுத்தேன். ஐந்து, என் அலுவலக நண்பர்களுடையவை. யாரைத் தேடுகிறேன், எந்த வருடம் என்று எதையும் சொல்லக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன். கேள்வியிலேயே பதிலைக் கொடுத்துவிட்டால் பேட்டி கெட்டுவிடும். என் தொழில் கற்றுத்தந்தது அது.

அவர் லுங்கியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது கையெழுத்தில் விரல் நின்றது.

"இது நம்ம போஸ்ட்மாஸ்டர் ஆச்சே. மாடவீதியாண்ட இருந்தாரே."

மற்றவை?

"தெரியாது சார். தெரியாதத தெரியும்னு சொல்லமாட்டேன்."

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "கடைசி எழுத்து வந்தாலும் பேனாவ தூக்கமாட்டாரு. அப்டியே கீழ வளைச்சிகினு வந்து மொத எழுத்துக்கு அடியில வச்சுதான் நிறுத்துவாரு." தாளை மறுபடி எட்டப் பிடித்தார். "இது கை நடுங்கறதுக்கு முன்னாடி போட்டது. நடுக்கம் வந்தப்புறம் இந்த வளைவு ஒடிஞ்சி ஒடிஞ்சி நிக்கும். நான்தான் புது கையெழுத்து வாங்கி அட்டையில ஒட்டுனேன். எண்பத்தேழு பொங்கல் கழிச்சி."

உயிலின் தேதி எண்பத்தாறு ஆவணி. உயில் என் பையில் இருந்தது. வெளியே எடுக்கவே இல்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னாள்: "ஊர்ல கீறவன் கையெழுத்தெல்லாம் தெரியுது. கண்ணாலத்துல நான் இன்னா கலர் பொடவ கட்டிகினு இருந்தேன்னு கேளுங்க சார், தெரியாது."

"அதுக்கு எவன் சார் ஸ்பெசிமன் கார்டு வச்சிகினு இருந்தான்?" என்றார் அவர்.

இருபது வருடம் செய்தித்தாளில் இருந்தவன் நான். ஆதாரம் என்றால் காகிதம் என்றே நினைத்திருந்தேன். வங்கி தூக்கிப்போட்ட அட்டை அவருடைய கண்ணுக்குள் இருந்தது.

கோர்ட்டுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மகனுக்கு என் பத்திரிகையிலேயே அறிவிப்புப் போட்டிருந்தோம். யாரும் வரவில்லை. விசாரித்த அதிகாரி கேட்டார்: "எத்தனை பேருக்குப் பென்ஷன் கொடுத்தீங்க?"

"முன்னூறு பேருக்கு மேல, ஐயா."

"அத்தனை பேர் கையெழுத்தும் ஞாபகம் இருக்குமா?"

"ஆள் மாத்தி குடுத்துட்டா என் சம்பளத்துல பிடிப்பாங்க ஐயா. எப்டி மறக்கும்?"

அதிகாரி சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

உத்தரவு வர மேலும் ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் கடன். ப்ரமோட்டருடன் ஒப்பந்தத்தில் சித்தி இடது பெருவிரலை வைத்த அன்று, ஆயா அவள் விரலில் இருந்த மையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்:

"இந்தப் பணம் எத்தினி வருசத்துக்கு சார் வரும்?"

மாடி ஃப்ளாட்டின் வாடகை இரண்டு ஆயாக்களுக்கும் போதும், முன்பணம் மருந்துக்கும், கட்டி முடிந்து வாடகை வரத் தொடங்கும்வரைக்கும் என்று விளக்கினேன். வருடக் கணக்கு இல்லை, வாடகை வந்துகொண்டே இருக்கும் என்றேன்.

அவள் சித்தியைப் பார்த்தாள். "அப்ப நீ எவ்ளோ நாள் வேணும்னாலும் இருக்கலாம்மா."

சித்தி வாயின் ஒரு பக்கத்தால் மெல்ல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "நூறு வயசு இருப்பேன்டி."

"இரு, இரு. என் இடுப்புதான் அதுக்குள்ள பூடும்" என்றாள் ஆயா. பிறகு முழங்கால்களை அணைத்துக்கொண்டு சித்தியைத் தூக்கினாள்.