மேயருக்கு நான் சொல்லிக்கொடுத்த இந்தி

எங்கள் மேயருக்கு முதுகு வளைவது இரண்டு சமயங்களில்தான். டெல்லித் தலைவர்கள் காரைவிட்டு இறங்கும்போது ஒன்று. அவர்களோடு போனில் பேசும்போது இன்னொன்று. போனில் வளைந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

தென்காசிப் பக்கம் பிறந்து, மத்திய அரசு உத்தியோகத்தில் நாக்பூர், ஜபல்பூர் என்று அலைந்து, ஓய்வுபெற்றதும் இந்தச் சென்னைப் புறநகரில் முதல் மாடியில் ஒரு பிளாட் வாங்கினேன். தெருக்கோடியில் ஏரி இருக்கிறது, காற்று வரும் என்றார் புரோக்கர். காற்றோடு தண்ணீரும் வந்தது.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் ஒரு கால்வாய் வழியாகப் போகவேண்டும். அந்தக் கால்வாயை மறித்து மத்திய அரசு அலுவலகம் ஒன்று மதில் கட்டிவிட்டது. அதிலிருந்து எங்கள் தெருதான் கால்வாய். எதிர்வீட்டுக்காரர் இங்கேயே பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம். இப்போது திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வீடு பள்ளத்தில் இருக்கிறது. மனைவிக்குப் பக்கவாதம், படுத்த படுக்கை. போன கார்த்திகை மழையில் அந்தம்மாவைக் கட்டிலோடு தூக்கிவந்து எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் வைத்தோம். நாலு நாள். ஆட்கள் ஏறி இறங்கும் படிக்கட்டில், ஒரு போர்வையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, அவருக்குத் துணி மாற்றினார்கள். அந்தம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே கிடந்தார்.

மதிலில் தண்ணீர் போக வழி விடச் சொல்லி மாநகராட்சியில் ஒரு தீர்மானம் போடுங்கள் என்று மேயரிடம் மூன்று முறை மனு கொடுத்தோம். "அது டெல்லி சமாச்சாரம் சார். நாம தீர்மானம் போட்டா மேலிடம் வருத்தப்படும்" என்றார். படிக்கட்டில் கிடந்தவரின் வருத்தம் அவர் கணக்கில் வராது. ஓட்டுப் போட்டது நாங்கள், சீட்டுக் கொடுத்தது மேலிடம். சோறு போட்ட கை எது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

இந்த நிலையில்தான் டெல்லியிலிருந்து பெரிய தலைவர் வருவதாகச் செய்தி வந்தது. தலைவரிடம் இந்தியில் பேசி அசத்தவேண்டும் என்று மேயருக்கு ஆசை. என்னைக் கூப்பிட்டனுப்பினார். காசு வேண்டாம், மதில் விஷயத்தைத் தலைவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள், அதுவே எனக்குச் சம்பளம் என்றேன். "அவ்ளோதான? செஞ்சிடலாம் வாத்தியாரே!" என்றார். நானும் நம்பினேன். படித்தவன் புத்தி.

பத்து நாள் பாடம். புகழ்ச்சி வாக்கியங்களைப் பாயசம் குடிக்கிற மாதிரி குடித்தார். எங்கள் வாக்கியம் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் ஐந்து வார்த்தையாக்கிக் கொடுத்தேன். அதற்குள் ஊரெல்லாம் வரவேற்புப் போஸ்டர். தலைவர் ஆள் உயரம், மேயர் தபால் தலை அளவு. அந்த மதிலையும் விட்டுவைக்கவில்லை.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில். மறந்தால் எடுத்துக்கொடுக்க, மேடையில் மேயருக்கு இரண்டடி பின்னால் நான். சால்வை, மாலை, வீரவாள் எல்லாம் ஆனபின் தலைவர் மைக் முன்னாலேயே இந்தியில் கேட்டார்: "இந்த ஊருக்கு ஏதாவது வேண்டுமா? சொல்லுங்கள்."

இதற்காகத்தானே பத்து நாள் பாடம். எங்கள் வாக்கியத்தின் முதல் வார்த்தையை மெல்ல எடுத்துக்கொடுத்தேன். மேயர் வளைந்தார். நலமா என்று யாராவது கேட்டால் சொல்ல மூன்றாம் நாள் நான் கற்றுக்கொடுத்த பதிலைத் தெளிவாகச் சொன்னார்: "உங்கள் தயவில் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஒரு குறையும் இல்லை."

தலைவர் தட்டிக்கொடுத்தார். மண்டபம் கைதட்டியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இந்தப் பூசாரி, பக்தர்களுக்கு வரமே வேண்டாமாம் என்று சாமியைத் திருப்பி அனுப்பிவிட்டான். அவரைப் புழு என்று திட்டத் தோன்றியது. மண்புழுவால் மண்ணுக்காவது பிரயோசனம் உண்டு.

கீழே இறங்கியதும், "உச்சரிப்பு எப்டி வாத்தியாரே?" என்று கேட்டார்.

"குறை ஒன்றும் இல்லை" என்றேன்.

தெருவுக்குத் திரும்பினால் எதிர்வீட்டுக்காரர் கையில் மைசூர்பாகோடு நிற்கிறார். "போன்ல பார்த்தேன் சார். மேயர் இந்தில பொளந்து கட்டிட்டாரு! நம்ம கால்வா மேட்டரைத்தானே சொன்னாரு? இந்த வாட்டி அவளைத் தூக்கிகினு ஓட வாணாம்ல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். பிறகு மேயரைத் திட்ட ஆரம்பித்தேன். அடிமை, எச்சில் பொறுக்கி, முதுகெலும்பு இல்லாத ஜென்மம், ஊரை விற்றவன் என்று மூச்சு வாங்கும்வரை திட்டினேன். அவர் மைசூர்பாகைத் திரும்பப் பொட்டலமாக மடித்தார்.

"அந்தாளு அப்டித்தான் சார், தெரிஞ்சதுதானே" என்றார். பிறகு, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: "நீங்களும் அங்கதானே நின்னுகினு இருந்தீங்க? உங்களுக்குத்தான் அந்த பாஷை தெரியுமே. நீங்க சொல்லியிருக்கலாமே சார்?"

கேட்டுவிட்டு, மனைவியைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டார்.