மூன்று வீட்டு ரேடியோ

என் பெரியண்ணனுக்குச் செக்கர் என்று பெயர். வைத்த பெயர் அல்ல, வந்த பெயர். உத்தியோக காலம் முழுவதும் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வேலைக்கு ஓய்வு கொடுத்தார்கள், சந்தேகத்துக்கு யாரும் கொடுக்கவில்லை. கடிகாரக் கடையில் பேட்டரி மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வருவார். சட்டை தைக்கக் கொடுத்தால் மிச்சத் துணியைத் தையற்காரர் முகத்துக்கு நேராக விரித்துப் பார்ப்பார். தன் நிழல் பின்னால் வந்தாலும் "நீ எங்கே ஏறினே?" என்று கேட்கிற ஆள் என்று அண்ணி சொல்வாள். அண்ணி சொல்வதில் பாதிதான் கேலி.

அப்பா போன பிறகு வீடும் பாத்திரமும் சண்டையில்லாமல் பிரிந்தன. சண்டை வந்தது ரேடியோவில். கையில் தூக்கிக்கொண்டு போகிற வால்வு ரேடியோ அது, உள்ளே பல்பு போலக் கண்ணாடி வால்வுகள். சின்னப் பெட்டி, தோல் கைப்பிடி, மூடியைத் திறந்து குமிழைத் திருகினால் பாடும். இரண்டு அண்ணன்களுமே அது வேண்டும் என்றார்கள். சின்னண்ணன் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருப்பவர். அவர் கையில் கொடுத்தால் மறுநாளே உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை உருவிவிடுவார் என்பது செக்கரின் கட்சி.

கடைசியில் செக்கரே தீர்ப்பும் சொன்னார். பெட்டி அவருக்கு, நான்கு வால்வுகள் தம்பிக்கு, மூடி தங்கையான எனக்கு. மூடிக்குள்தான் அலையைப் பிடிக்கும் ஏரியல் கம்பி சுற்றியிருக்கிறது. மூன்றும் ஒரே இடத்தில் சேராமல் அது முனகக்கூட முடியாது. இதற்குப் பெயர் நியாயமாம்! ஒரு சட்டையைக் கை ஒருவருக்கு, காலர் ஒருவருக்கு என்று கிழித்துக் கொடுத்தது போல இருந்தது எனக்கு. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்தான். இரண்டு பேருமே எனக்கு வேண்டும். அது அவர்களுக்குப் புரிந்தால்தானே.

ஓய்வு பெற்ற பிறகு செக்கர் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார். கைப்பிடித் தோல் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. உள்ளே வயர்களின் மேல் இருந்த ரப்பர், காய்ந்த ரொட்டித்துண்டு போலப் பொலபொலவென்று கொட்டியது. மெழுகுக் காகிதம் சுற்றிய கண்டென்சர் உருளைகள் கசிந்து நாறின. ஒரு திருகுக் குமிழையே காணோம். ரிப்பேர் கடையில் கொடுங்கள் என்றேன்.

"கொடுத்தா உள்ள இருக்கற நல்லதை எடுத்துட்டு ஓட்டையை வெச்சுடுவான். எனக்குத் தெரியாதா?"

அவரே உட்கார்ந்தார். பற்பசை மூடியைக் கொதிநீரில் வைத்து இளக்கிக் குமிழாக்கினார். பழைய பெல்ட்டை அறுத்துக் கைப்பிடி தைத்தார். கண்டென்சர்களை ஒவ்வொன்றாக மாற்றினார். வயர்களையும் மாற்றினார், ஆனால் எல்லாமே கறுப்பு வயர். அவரிடம் இருந்த சுருள் அது ஒன்றுதான். குழம்பாதா என்று கேட்டதற்கு, "நிறத்தைப் பார்த்து நம்பறவன்தான் குழம்புவான்" என்றார். கேட்டேன் பாருங்கள், என்னைச் சொல்லவேண்டும்.

ஒருநாள் பெட்டியைத் துடைத்தபடி அவராகவே சொன்னார்.

"இது ஒரு தடவை பாடட்டும்மா. வால்வை அவன் ஒழுங்கா வெச்சிருந்தான்னு நான் ஒத்துக்கறேன். நானே அவன் வீட்டுக்குப் போறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று ஓடிப்போய்ச் சின்னண்ணனுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வால்வுகளோடு வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டார்.

"உடனேயா ஒத்துக்கிட்டான்? அப்ப ஏதோ இருக்கு" என்றார் செக்கர்.

ஞாயிறு காலை மூடியை எடுத்துக்கொண்டு போனேன். என்னையும் விடவில்லை. ஏரியல் கம்பியின் சுற்றுகளை விரல் வைத்து எண்ணிவிட்டுத்தான் உட்காரச் சொன்னார். சின்னண்ணன் வந்தார். இத்தனை வருடம் கழித்து வந்த தம்பியை வா என்று சொல்ல ஆளில்லை, நான்தான் சொன்னேன். பஞ்சில் பொதிந்த நான்கு வால்வுகளை அவர் மேசைமேல் வைத்தார். கண்ணாடி பளபளவென்று இருந்தது. செக்கர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"நம்பர் எங்கடா? இது மேல நம்பர் அடிச்சிருந்துச்சே. எங்க மாத்தினே?"

"மாத்தலைண்ணா. தூசி சேரக்கூடாதுன்னு வருஷா வருஷம் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். அதுல நம்பரும் சேர்ந்து போயிடுச்சு."

வால்வைத் துடைத்தால் எழுத்து போய்விடும் என்று சின்னண்ணனுக்குத் தெரிந்திருக்கவில்லை. நம்பர் போனால் எந்த வால்வு எந்தக் குழியில் போகும் என்று யாருக்கும் தெரியாது. செக்கரின் முகத்தில், டிக்கெட் இல்லாத ஆளைப் பிடித்துவிட்ட திருப்தி. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சின்னண்ணன் ஒரு வால்வை வாயருகே வைத்து "ஹா" என்று ஊதினார். கண்ணாடி பனித்தது. பனிப்பில், மங்கலாக, அதே நம்பர் தெரிந்தது. நான்கையும் அப்படியே ஊதிக் காட்டினார். அதே நான்குதான்.

"நம்பர் சரி. உயிர் இருக்கணுமே" என்றார் செக்கர்.

இந்த ரேடியோவுக்கு இரண்டு பேட்டரி வேண்டும். பலம் கொடுக்கப் பெரியது ஒன்று. வால்வுக்குள் இருக்கும் மயிரிழைக் கம்பியைச் சூடாக்கச் சின்னது ஒன்று. பெரியதைச் சின்னண்ணனே கடைப் பேட்டரிகளை வரிசையாகக் கோத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சின்னதை மறந்துவிட்டார்.

"வாங்கிட்டு வந்துடறேன். வண்டியில கரண்ட் பார்க்கற மீட்டர் இருக்கு, அதையும் எடுத்துட்டு வந்து வால்வை டெஸ்ட் பண்ணிக் காட்டறேன். உங்க வயரிங்கையும் ஒரு தடவை பார்த்துடறேண்ணா. அதுவரைக்கும் ஆன் பண்ணாதீங்க."

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கவில்லை, செக்கர் என் பக்கம் குனிந்தார்.

"பார்த்தியா? சமயத்துல நழுவறான். என் வயரிங்ல அவனுக்கு என்ன வேலை? வந்து எதையாவது அறுத்து விட்டுட்டு, உன் வேலைதான் சரியில்லைன்னு சொல்லப் போறான்."

"கொஞ்சம் பொறுங்கண்ணா. வந்துடுவார்."

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. டார்ச்சைத் திறந்து அதிலிருந்த சின்ன பேட்டரியை எடுத்தார். மூடியை மாட்டி, வால்வுகளைக் குழியில் அழுத்தினார். பெட்டியிலிருந்து நான்கு கறுப்பு வயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அடையாளத்துக்கு இரண்டில் நூல் கட்டி வைத்திருந்தார். நூல் கட்டியது பெரிய பேட்டரிக்கா சின்னதுக்கா என்று ஒரு கணம் யோசித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு மாட்டினார், குமிழைத் திருகினார்.

நான்கு வால்வுகளும் ஒரே நேரத்தில் பளிச்சென்று மின்னின. அவ்வளவுதான். கண்ணிமைப்பதற்குள் அணைந்துவிட்டன. ஒரு சத்தமும் இல்லை. வயர் மாறிப் பெரிய பேட்டரியின் பலம் முழுவதும் அந்த மயிரிழைகளில் இறங்கிவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. குமிழிலிருந்து கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

சின்னண்ணன் திரும்பி வந்தார். திறந்து கிடந்த டார்ச்சைப் பார்த்தார். நூல் கட்டிய வயர்களைப் பார்த்தார். கம்பி அறாமல் இருந்தால் மீட்டர் கூவும். வால்வுகளைக் கழற்றி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். நான்கிலும் மீட்டர் வாயே திறக்கவில்லை.

இனி ஜென்மத்துக்கும் இந்த இரண்டு பேரும் ஒட்டமாட்டார்கள் என்று நினைத்தேன். செக்கர் தன் தப்பை ஒத்துக்கொண்டு நான் கண்டதில்லை. 'செத்த வால்வைக் கொடுத்துட்டான்' என்று ஒரு வார்த்தை போதும் அவருக்கு. சொன்னால் அன்றைக்கு என் வாய் சும்மா இருந்திருக்காது.

சொன்னது சின்னண்ணன்.

"என் தப்புதாண்ணா. வர்ற வழியில வண்டி ஒரு பெரிய பள்ளத்துல இறங்கிடுச்சு. அப்பவே உள்ள கம்பி அறுந்திருக்கும். செத்ததைத்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கேன்."

எவ்வளவு நல்ல பொய்! செக்கர் பேசாமல் தலையாட்டினால் போதும். நான் செக்கரைப் பார்த்தேன். அவர் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். பஸ்ஸில் எத்தனை ஆயிரம் பேரை அப்படிப் பார்த்திருப்பாரோ.

"பொய் சொல்றே" என்றார்.

"இல்லண்ணா..."

"செத்த வால்வு எப்படிடா மின்னும்? நாலும் மின்னுச்சு. என் கண்ணால பார்த்தேன். நல்லாத்தான் வெச்சிருந்திருக்கே. இத்தனை வருஷமா நல்லாத்தான் வெச்சிருந்திருக்கே. எரிச்சது நான்டா."

சின்னண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் மீட்டரின் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், மறைக்கவெல்லாம் இல்லை.

செக்கர் பெட்டியை இரண்டு கையாலும் மேசைமேல் நகர்த்தித் தம்பி பக்கம் வைத்தார்.

"உன் கடைக்கு எடுத்துட்டுப் போ. வேற வால்வு எங்கயாவது கிடைக்கும். நீயே போட்டுக்கோ. மூடியையும் எடுத்துக்கோ."

மூடி என்னுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டேன்.