தாழிக்குள் இருந்து ராஜாவை விரட்டினேன்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நான் நான்காம் வகுப்புப் படித்தபோது, சரித்திர மனிதர்களைப் போல் வேஷம் போட்டு நடிக்க ஒரு நாள் வந்தது. டீச்சர் சீட்டுக் குலுக்கினார். பக்கத்துப் பையனுக்கு அலெக்சாண்டர், எனக்கு டயோஜெனீஸ். கேள்வியே படாத பேரைப் படித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

லைப்ரரிப் புத்தகத்தைத் திறந்தேனோ இல்லையோ, அழுகை போன இடம் தெரியவில்லை. அடேயப்பா, என்ன ஆள்! வீடு வேண்டாமென்று பெரிய மண் தாழிக்குள் குடியிருந்தாராம். ஒரு சிறுவன் கையால் தண்ணீர் அள்ளிக் குடித்ததைப் பார்த்துத் தன் குவளையைத் தூக்கி எறிந்தாராம். பட்டப்பகலில் விளக்கோடு நல்ல மனிதனைத் தேடினாராம். தன்னைப் பார்க்க வந்த அலெக்சாண்டர் ராஜாவையே விரட்டினாராம். அன்றிலிருந்து நானும் கையால்தான் குடித்தேன்.

"சட்டையெல்லாம் தண்ணி! டம்ளர் உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றாள் அம்மா.

தாழிக்கு எங்கே போவது? கராஜில் டிவி வந்த அட்டைப்பெட்டி இருந்தது. வேலை விசாவில் இருக்கும் எல்லாத் தமிழ் வீடுகளையும் போல எங்கள் வீட்டிலும் எந்தப் பெட்டியையும் எறிவதில்லை. எப்போது மூட்டை கட்ட வேண்டி வருமோ, யார் கண்டது! அது எனக்கு எங்கே தெரிந்தது? பெட்டியைப் பிரித்து, வளைத்து, டேப் ஒட்டி, பிரவுன் பெயின்ட் அடித்தேன். ஜோரான தாழி!

"ஐயையோ! இப்ப போய் இதை வெட்டியிருக்காளே! டிவிய இனி எதுல பேக் பண்றது?" என்று அம்மா கராஜிலேயே உட்கார்ந்துவிட்டாள். கார் கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்த அப்பா இறங்கி வந்தார். அந்த நாட்களில் அவர் பகலிலும் வீட்டில்தான் இருந்தார். தாழியைச் சுற்றிப் பார்த்தார்.

"விடும்மா, சூப்பரா பண்ணியிருக்கா" என்றார்.

வெள்ளிக்கிழமை, பள்ளிப் புல்வெளியில் நல்ல வெயில். அலெக்சாண்டருக்குக் காய்ச்சல், வரவில்லை. ராஜா இல்லாவிட்டால் என் நாடகமே இல்லை! தாழிக்குள்ளிருந்து தலையை நீட்டி டீச்சரைப் பார்த்தேன். யாராவது நடிக்க முடியுமா என்று டீச்சர் கேட்டதும், அம்மாக்கள் வரிசையிலிருந்து அப்பா எழுந்தார். வந்திருந்த ஒரே அப்பா என்னுடைய அப்பா! டீச்சர் சிவப்புத் துணியொன்றைத் தோளில் போட்டுவிட, நிஜ ராஜா மாதிரி நடந்து வந்து என் முன்னால் நின்றார்.

"என்ன வேணும்னாலும் கேள், தர்றேன்" என்றார் கம்பீரமான ஆங்கிலத்தில்.

"தள்ளி நில்லு, எனக்கு வெயிலை மறைக்கிறே!" என்று கத்தினேன்.

புல்வெளியே கைதட்டியது. அப்பா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படியொரு நடிப்பு நடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பாவுக்கு வேலை போய் அன்றோடு மூன்று வாரம். அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டை விட்டே கிளம்ப வேண்டும். கடைசி வாரத்தில்தான் கிடைத்தது. இதெல்லாம் பல வருடம் கழித்து அம்மா சொல்லித் தெரிந்தது.

அன்றைக்கோ, திரும்பும் வழியில் காரில் குதித்துக்கொண்டே, "டாட், என்ன வேணும்னாலும் தர்றேன்னு சொன்னீங்களே! இனிமே எப்பவும் இப்படியே ஃப்ரீயா இருங்க, ப்ளீஸ்!" என்று கேட்டேன்.