சோலிக்குப் போனவள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாலத்தீவுக்குப் போக எனக்கு விசா தேவைப்படவில்லை. அந்த நாட்டுக்காரன் கேட்கவே இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டும் திரும்பி வர டிக்கெட்டும் இருந்தால், இறங்கின இடத்திலேயே ஒரு மாதத்துக்குச் சீல் குத்திக் கொடுத்துவிடுவான். என்னைத் தடுத்தது என் சொந்த நாடு. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது திருவனந்தபுரத்தில், கரமனையில் இருந்தோம். வீட்டுக்காரர் பொதுமராமத்து ஆபீஸில் கிளார்க். நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். எனக்கு ஒரே தங்கச்சி. டீச்சர் வேலை கிடைத்து மாலத்தீவின் தலைநகர் மாலிக்குப் போயிருந்தாள். அந்த வருஷங்களில் இங்கிருந்து எத்தனையோ பேர் அப்படிப் போனார்கள். அவள் வீட்டுக்காரருக்கு வேறொரு தீவில் பள்ளிக்கூட வேலை, வாரத்துக்கு ஒரு படகு. தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வருவதாகத்தான் ஏற்பாடு. ஏழாம் மாதம் ரத்த அழுத்தம் ஏறி, விமானப் பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பேறுகாலம் பார்க்க என்னை விட்டால் அவளுக்கு ஆள் கிடையாது.

ஆனால் என் பாஸ்போர்ட்டில் ஒரு சீல் இருந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு அதைக் குத்துவார்கள். இவளை நாட்டைவிட்டு விடுமுன் சோதிக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். படிக்காதவர்களை வெளிநாட்டில் வேலைக்கு வைத்து ஏமாற்றுகிறார்கள், அவர்களைக் காப்பாற்றத்தான் இது என்றார்கள். நான் ஏன் ஒன்பதாவதோடு நின்றேன் என்று அந்தச் சீலுக்குத் தெரியாது. அம்மா வாதத்தில் படுத்தபோது தங்கச்சிக்கு ஆறு வயது. நான் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்கு வந்தேன். அவளுக்குத் தலை பின்னி, சோறு கட்டிக்கொடுத்து, பரீட்சைக்கு எழுப்பிவிட்டு, பி.எட். வரைக்கும் ஏற்றிவிட்டேன். அவளை வளர்க்க நின்ற படிப்பையே காட்டி, அவளைப் பார்க்கப் போகாதே என்றார்கள். இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குக் கோபப்படுவது?

வேலைக்கல்ல, சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போகிறேன் என்பவர்கள், அந்தச் சோதனையை ஒரு பயணத்துக்கு மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லி இன்னொரு சீல் வாங்க வேண்டும். அதற்குப் பெயர் சஸ்பென்ஷன். தெருவுக்குப் பத்து அரசாங்க உத்தியோகஸ்தர்கள் இருக்கிற ஊரில் வேறு பெயரே அகப்படவில்லை போலிருக்கிறது. "சஸ்பென்ஷன் கிடைக்குமா, கிடைக்காதா" என்று வாசலில் நின்று வீட்டுக்காரரிடம் நான் கேட்டது எதிர்வீட்டு மாமி காதில் விழுந்துவிட்டது. சாயங்காலமே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதேடி, ஆறு மாசத்துல திரும்ப எடுத்துப்பா, யார்தான் கை நீட்டலே" என்றாள். வாழ்நாளில் ஒரு டீ கூட ஓசியில் குடிக்காத மனுஷன் என் வீட்டுக்காரர். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஊரெல்லாம் சஸ்பென்ஷன் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும்போது, அது வர வேண்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தச் சீல் கொடுக்கிற ஆபீஸில் முதல் நாள் காகிதம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். புருஷன் சம்மதக் கடிதம் வேண்டுமாம். முப்பத்தெட்டு வயதுப் பொம்பிளை தங்கச்சியைப் பார்க்கப் புருஷன் கையெழுத்து. கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாம் தடவைதான் மேஜைக்கு முன்னால் கூப்பிட்டார்கள்.

அங்கே இருந்தவர் நெற்றியில் சந்தனக்குறியோடு சாந்தமான மனுஷராகத்தான் தெரிந்தார். எதற்குப் போகிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். தங்கச்சிக்குப் பிரசவம் என்றேன். எத்தனை நாள் என்றார். ஒரு மாதம். அவ்வளவு நாள் அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் நான் வாயைத் திறந்து சனியனை விலைக்கு வாங்கினேன்.

"அவிடெ எனிக்கு ஒருபாடு ஜோலி உண்டு சாரே."

அங்கே எனக்கு நிறையச் சோலி கிடக்கிறது என்றுதான் சொன்னேன். எங்கள் ஊரில் சோலி என்றால் கிடக்கிற காரியமெல்லாம் சோலிதான். பாத்திரம் துலக்குவது சோலி, வெந்நீர் போடுவது சோலி, பிள்ளைக்குக் காப்பு பண்ணக் கடைக்குப் போவதும் சோலி. "சோலி கெடக்கு, பெறவு வாறேன்" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்வோம். மலையாளத்தில் ஜோலி என்றால் சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை என்றுதான் ஆபீஸில் எடுப்பார்கள். பதினைந்து வருஷம் அந்த ஊரில் இருந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் என் நாக்கு மலையாளம் பேசும்போதும் நாகர்கோவிலில்தான் இருக்கும்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன ஜோலி என்று தன்மையாகக் கேட்டார். தன்மையாகக் கேட்டதில்தான் ஏமாந்தேன். அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்து விரல்விட்டுச் சொன்னேன்: வீட்டு ஜோலிதான், சமையல், துணி துவைப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது. ஒவ்வொன்றையும் அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, வீட்டுவேலைக்குப் போவதென்றால் எஜமானர் கொடுத்த ஒப்பந்தம் வேண்டும் என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை என் பக்கம் தள்ளினார்.

எஜமானரா, அவள் என் தங்கச்சி என்றேன். அவர் சிரித்தார். எல்லோருக்கும் அங்கே ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்றார். பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

பிறகு தங்கச்சி தங்கச்சிதான் என்று நிரூபிக்க அலைந்தேன். நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, கிராம அலுவலரிடம் சர்ட்டிபிகேட் வாங்கினேன். அது தமிழில் இருக்கிறது என்றார்கள். இங்கிலீஷில் எழுதி வாங்கினேன். எழுதினவருக்கு முத்திரை இல்லை என்றார்கள். வஞ்சியூர்க் கோர்ட்டு வாசலில் ஒரு வக்கீல், "சோலி என்று மனுதாரர் சொன்னது ஊதியமில்லாத உதவியைக் குறிக்கும்" என்று முத்திரைத்தாளில் டைப் அடித்துக் கொடுத்தார். என் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த சொல்லுக்கு நான் சத்தியப் பத்திரம் கொடுக்க வேண்டிவந்தது. இந்த நேரமெல்லாம் என் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி கட்டித் தயாராக இருந்தது. பிள்ளைக்கு விரிக்கக் கிழித்து வைத்த பழைய வேட்டித் துணி, பேறுகால மருந்து, கருப்பட்டி. வாரத்துக்கொரு தடவை தெருமுனை பூத்துக்குத் தங்கச்சி போன் பண்ணுவாள். கால் வீங்கியிருக்கிறது, குனிய முடியவில்லை என்பாள். நீ எப்ப வருவே என்று மட்டும் கேட்க மாட்டாள். கேட்டால் நான் அழுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

முத்திரைத்தாளை எடுத்துக்கொண்டு கிளம்பின காலையில் பூத்துக்காரர் ஓடிவந்து கூப்பிட்டார். பெண் குழந்தை, வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள், இரண்டு பேரும் நலம் என்று அவளோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தி சொன்னாள். யார் கூட இருந்தது என்று கேட்டேன். நர்ஸுகள் இருந்தார்கள் என்றாள்.

அங்கிருந்து நேரே ஆபீஸுக்குப் போனேன். கட்டின பெட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்ய, பிரசவம் ஆகிவிட்டது, இன்றைக்காவது சீல் குத்துங்கள் என்றேன். அந்த மனுஷர் காகிதங்களை மேலோட்டமாகப் புரட்டினார். பிரசவம் கழிந்துவிட்டதல்லவா, இனிப் போக வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டார். உண்மையிலேயே சந்தேகத்தோடுதான் கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

"எனக்க தங்கச்சிக்கு வெந்நி வச்சுக் குடுக்கதுக்கு நான் யாருகிட்ட சாரே அனுமதி கேக்கணும்?"

தமிழில்தான் கேட்டேன். மலையாளம் வரவில்லை. குரல் வெளி வராந்தா வரைக்கும் போனது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இழுத்துக்கொண்டுபோய் வெளியே போடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு அவர் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளி, எழுதிக் கொடுங்கள் என்றார். சுற்றிப் பார்க்க மட்டுமே போகிறேன், அங்கே எந்த வேலையும் செய்ய மாட்டேன். அதை அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் சஸ்பென்ஷன் கிடைத்தது.

டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்குப் பத்தொன்பது நாள். திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கப்போகிறோம் என்றார்கள். மாலியில் சீல் குத்தின பையன் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தங்கச்சி வீடு மூன்றாவது மாடி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

கதவைத் திறந்தாள். இடது தோளில் பிள்ளை. குளிப்பாட்டிப் பொட்டு வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கொடியில் துவைத்த துணி வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து ரசம் வாசனை வந்தது. ஒரு கையால் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துபோய், வருகிறவர்களுக்குப் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலியை எனக்காகக் காலால் நகர்த்தினாள். நான் பெட்டியைத் திறக்கக் குனிந்தேன்.

"சோலியெல்லாம் முடிஞ்சாச்சுக்கா. நீ இரி."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அலுத்து வந்த அக்கா உட்காரட்டும் என்றுதான் சொன்னாள். நான் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே கடல் அழகாகத்தான் இருந்தது. அந்த ஆபீஸில் எழுதிக் கொடுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.