நாற்காலி போட்டு வாங்கிய கைநாட்டு

எலிசாளைப் பற்றி எழுது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். ஒரு பியூன் ரிட்டயர் ஆனால் ஒரு மாலையும் ஒரு டிபன் கேரியரும் கொடுத்து அனுப்பிவிட்டு மறந்துபோகிற ஊர் இது. அதனால் நானே எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தாணுமாலயன். திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். எலிசாள் அங்கே தபால் செக்ஷனில் பியூன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைப் பக்கத்துக்காரி. எட்டாவதுதான் படித்திருந்தாள், ஆனால் தமிழும் மலையாளமும் ஒரே வேகத்தில் வாசிப்பாள். வருகிற காகிதத்தில் சீல் குத்தி நம்பர் போடுவது இருபது வருஷமாக அவள் வேலை. ஒரு காகிதம் ஒரு ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது எங்கள் ஆபீசரை விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஐந்து மணிக்கு நாங்களெல்லாம் காப்பிக் கடையைப் பார்த்து நடப்போம். அவள் சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவுக்குப் போவாள். அங்கே ஒரு வற்றல் மிளகாய்க் கிடங்கின் மாடி சும்மா கிடந்தது. கடைக்காரரை நச்சரித்து அதை வாங்கி, பிள்ளைகளுக்கு ஒரு சாயங்கால கிளப் நடத்தினாள். மூட்டை தூக்குகிறவர்கள், ஓட்டலில் மாவாட்டுகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் பெற்ற பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டு, பெற்றவர்கள் வீடு திரும்பும்வரை தெருவில் நின்றுகொண்டிருந்தவர்கள். ஏழு வயது முதல் பதினாறு வயது வரை முப்பது பேர் வருவார்கள். கேரம் போர்டு உண்டு. தொலைந்துபோன சிவப்புக் காய்க்குப் பதில் ஒரு கோட்டுப் பொத்தான். அவலும் பால் விடாத கட்டன் சாயாவும் உண்டு. கீழே யாராவது மூட்டையை உருட்டினால் மேலே முப்பது பேரும் தும்முவார்கள்.

விளையாட்டெல்லாம் அப்புறம்தான். எலிசாள் வந்ததும் முதல் அரை மணி நேரம் காகித நேரம். பள்ளிக்கூடத்தில் கொடுத்த நோட்டீஸ், புரோகிரஸ் கார்டு, எதுவானாலும் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைக்க வேண்டும். எல்லாம் மலையாளத்தில் இருக்கும். பெற்றவர்களில் பாதிப் பேருக்குத் தமிழே எழுத்துக் கூட்ட வராது. எலிசாள் ஒவ்வொன்றையும் வாசித்து, வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று தமிழில் சொல்லி அனுப்புவாள். அவள் வாசிக்காத காகிதத்தில் யாரும் கைநாட்டு வைக்கக் கூடாது. அதுதான் கிளப்பின் ஒரே சட்டம்.

1978 பிப்ரவரியில் தங்கையின் பிரசவத்துக்காக அவள் பத்து நாள் லீவு போட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பத்து நாள் போதுமாயிருந்தது.

அவள் திரும்பி வந்த அன்று நானும் வற்றல் வாங்க அந்தக் கடைக்குப் போயிருந்தேன். கிடங்கு வாசலிலேயே இசக்கிப்பாண்டி அவளைப் பிடித்துக்கொண்டான். திருநெல்வேலிப் பக்கம் இருந்து வந்து சாலைக் கம்போளத்தில் மூட்டை தூக்குகிறவன். அவன் மகள் பூமாரி ஒன்பதாவது படித்தாள்.

"யக்கா, நம்மள ஸ்கூலுக்குக் கூப்பிட்டு விட்டாங்க. ஏழு பேரு போனோம். ஹெட்மாஸ்டரு நாக்காலி போட்டு உக்கார வச்சாரு, சாயா வேற!" என்றான். முகம் கொள்ளாத சிரிப்பு. ஆபீஸ் நாற்காலியில் அவன் ஆயுசில் அன்றைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறான்.

"எதுக்காக்கும் கூப்பிட்டாவ?"

"ஒரு பேப்பர்ல கைநாட்டு வைக்கச் சொன்னாங்க. சீல் போட்ட பேப்பரு. நல்லதுக்குத்தான இருக்கும்?"

"வாசிச்சுக் காட்டினாவளா?"

"நாக்காலி போட்டு உக்கார வச்ச மனுசன்கிட்ட, வாசிங்கன்னு எப்படிக்கா கேக்கது?"

எலிசாள் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மாடிக்கு ஏறவில்லை.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அந்தக் காகிதத்தில் இருந்தது இதுதான்: குடும்பச் சூழ்நிலை காரணமாக என் பிள்ளையின் படிப்பை என் சொந்த விருப்பத்தால் நிறுத்துகிறேன், டி.சி. தந்து உதவவும். ஏழு பிள்ளைகளும் ஒன்பதாவது, கணக்கிலோ இங்கிலீஷிலோ தட்டுத் தடுமாறுகிறவர்கள். பத்தாவதில் இவர்கள் தோற்றால் பள்ளிக்கூடத்தின் நூறு சதவீதத் தேர்ச்சி போய்விடும். அதற்காக ஏழு பிள்ளைகளைத் துடைத்துப் போட்டிருக்கிறார்கள். அதுவும் எப்படி? மிரட்டியிருந்தால் கூட அந்த அப்பன்மார் சண்டைக்கு நின்றிருப்பார்கள். மரியாதை கொடுத்துக் கழுத்தை அறுத்தார்கள்.

"அவரு தன்னெ ஒப்பிட்டதல்லே? ஞான் எந்து செய்யான்?" என்று ஹெட்மாஸ்டர் கையை விரித்தாராம். அவர்களே வைத்த கைநாட்டுக்கு அவர் என்ன செய்வாராம்!

பூமாரியின் அம்மாவிடம் ஒரு வீட்டில் ஏற்கனவே கேட்டும் ஆயிற்று, பொண்ணு சும்மாதானே இருக்கப் போகிறாள், பாத்திரம் துலக்க அனுப்பு என்று. செய்தி அவ்வளவு சீக்கிரம் பரவியிருந்தது.

அன்று ஐந்து மணிக்கு எலிசாள் என் மேஜைக்கு வந்தாள். கையில் கடையில் வாங்கிய வெள்ளைத்தாள். "சார், ஏழு லெட்டர் அடிச்சுத் தரணும். சர்க்கார் தாள் நமக்கு வேண்டாம்."

என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்தேன், என் பிள்ளை படிக்க வேண்டும், டி.சி. வேண்டாம் என்று ஏழு பெயரில் ஏழு கடிதம் அடித்துக் கொடுத்தேன். அவற்றைக் கையில் வாங்க ஹெட்மாஸ்டர் மறுத்தார். விடுவாளா எலிசாள்? அத்தனையையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினாள். அக்னாலட்ஜ்மென்ட் கார்டு ஏழும் அவர் கையெழுத்தோடு திரும்பி வந்தன. அவற்றைக் கல்வி ஆபீசுக்கு எடுத்துப்போய் மனுவோடு சேர்த்துக் கொடுத்து, நம்பர் போட்டு வாங்கும்வரை கவுண்டரை விட்டு நகரவில்லை. தனக்குத் தெரியாது என்று ஹெட்மாஸ்டர் இனிச் சொல்ல முடியாது. டி.சி. எல்லாம் அவர் மேஜை டிராயரிலேயே கிடந்தன. ஏழு பேரும் ஜூனில் பத்தாவதில் போய் உட்கார்ந்தார்கள்.

இரண்டு மாதத்தில் எங்கள் ஆபீசுக்கு ஒரு புகார் வந்தது. எலிசாளுக்கு மெமோ கொடுத்தார்கள். அனுமதியில்லாமல் டியூஷன் நடத்தினாளாம். ஒரு பிள்ளையிடமும் ஒரு பைசா வாங்காதவள் மீது டியூஷன் குற்றம்! ஆபீஸ் டைப்ரைட்டரைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியது இன்னொரு குற்றம். அடித்துக் கொடுத்தது யார் என்றும் கேட்டிருந்தார்கள். "அடிக்கச் சொன்னது நான்" என்று மட்டும் பதில் எழுதினாள்.

நான்தான் அடித்தேன் என்று எழுந்து சொல்லியிருக்கலாம். எனக்குப் பிரமோஷன் வரவிருந்த சமயம். வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளைத் தொலைவில் மலையடிவாரத்தில் இருக்கும் வித்துராவுக்கு மாற்றிய ஆர்டரையும் நானே அடித்தேன், அதே மிஷினில்.

வித்துராவிலிருந்து பஸ் பிடித்து அவள் வந்து சேர மணி ஏழரை ஆகிவிடும். அதற்குள் பிள்ளைகள் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மத்தியானம் மட்டும் மாடியைத் திறந்து காகிதம் வாசித்தாள். மற்ற ஆறு நாளும் முப்பது பிள்ளைகள் மறுபடி தெருவில் நின்றார்கள். அந்த மெமோவில் கையெழுத்துப் போட்டவர் தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போனார்.

அடுத்த வருஷம் ரிசல்ட் வந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் பாஸ். பூமாரியும் பாஸ். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வாங்க அப்பாவைக் கூட்டி வரச் சொன்னார்கள். எலிசாளுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தாள்: "நீங்களாவது கூடப் போங்க சார். வாசிக்காம கைநாட்டு வைக்க விடாதீங்க."

போனேன். ஹெட்மாஸ்டர் இசக்கிப்பாண்டியைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இரிக்கணும், இரிக்கணும்" என்றார். ஒரு காகிதத்தையும் மைப்பெட்டியையும் அவன் பக்கம் தள்ளினார்.

"நிக்குதேன் சார். போன தடவை உக்காந்துட்டம்லா," என்றான் இசக்கிப்பாண்டி. மகள் பக்கம் திரும்பினான். "ஏட்டி பூமாரி, வாசி. சத்தமா வாசி."

அவள் வாசித்தாள். மலையாளத்தில் ஒரு தடவை, அப்பாவுக்காகத் தமிழில் ஒரு தடவை. புத்தகத்தைப் பெற்றுக்கொண்டேன் என்று நாலு வரி, அவ்வளவுதான். ஹெட்மாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கிப்பாண்டி பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு, "சார், இதுக்கு ஒரு காப்பி வேணும்," என்றான்.

கைநாட்டுக்கு ஒரு சாட்சி வேண்டும் என்றார் கிளார்க். பூமாரி பேனாவை என்னிடம் நீட்டினாள். தாணுமாலயன், டைப்பிஸ்ட் என்று ஆபீஸ் பெயரோடு முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வருஷத்துக்கு முன் எலிசாளின் மெமோவில் இருந்திருக்க வேண்டிய பெயர் அது.