அந்த வார்த்தை என் வாயிலும்

குடவாசல் பக்கம் எங்கள் ஊர். நடவுக்குப் போகும் பத்துப் பெண்களுக்கு நான்தான் தலைவி. ஊரெல்லாம் கூலிச் சண்டை நடந்த வருஷம் அது.

காலையில் தண்ணீர் குடிக்கக் கரையேறப் போனோம். பண்ணை வேலையை மேற்பார்க்கும் காரியக்காரர், "வாயை மூடிக்கிட்டு நாத்த நடுங்கடி" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாட்டுக்கிட்டயா பேசுறீங்க? மரியாதையா பேசினாத்தான் நாத்து சேத்துல இறங்கும்!" என்று கத்தினேன். பத்துப் பேரும் வரப்பில் ஏறி நின்றோம்.

அவர் முகம் சுண்டிப்போனது. "சரிம்மா, குடிச்சுட்டு வாங்க."

மத்தியானம் நடவு வரிசையில் பக்கத்து வீட்டுச் செல்வி பின்தங்கினாள். "அக்கா, ஒரு நிமிஷம்" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வாயை மூடிக்கிட்டு நடுடி" என்றேன்.

வரப்பை எட்டி நிமிர்ந்தால், அவள் காலடியில் தண்ணீர் சிவந்து கிடந்தது. சேற்றில் புதைந்திருந்த பாட்டில் துண்டு பாதத்தைக் கிழித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நரம்பு தப்பியது தெய்வாதீனம்.

"ஏன்டி சொல்லல?" என்று அங்கேயும் கத்தினேன்.

"நீங்கதானேக்கா வாயை மூடச் சொன்னீங்க."

காரியக்காரர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அதைவிட என் மேல்தான் அதிகம். இப்போது யார் "அக்கா" என்றாலும் கையில் இருக்கும் நாற்றைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன். அந்த வார்த்தை இன்றும் நாக்கு நுனிவரை வருகிறது. கடித்து விழுங்கிவிடுகிறேன்.