அவள் கை அளவு

வாலிபத்தில் ஒரு சனி, ஞாயிறு சிநேகிதன் முத்துவோடு லுணுகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளை டவுனுக்குப் போயிருந்தேன். கடைவீதியில் வளையல் விற்றவள் மெலிந்தவள், கன்னத்தில் மச்சம். எந்த வளையலையும் தன் கையில் போட்டுப் பார்த்துத்தான் கொடுப்பாள். அவளோடு பேசும் ஆசையில் பச்சை வளையல் கேட்டேன்.

"யாருக்குங்க? கை அளவு தெரியுமா?"

"தங்கச்சிக்கு. உங்க அளவுதாங்க."

"டேய், ஒனக்கு ஏதுடா தங்கச்சி?" என்று முத்து சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. கையில் போட்டுப் பார்த்த பச்சை வளையல்களைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றினாள். "பத்தலைன்னா அவங்களையே கூட்டிட்டு வாங்க. நானே போட்டுவிடுறேன்."

மறுநாள் தனியாகக் கடை வாசல்வரை போனேன். அப்படியே திரும்பிப் பஸ் ஏறிவிட்டேன்.

கல்யாணமான புதிதில் அந்த வளையல்களை மனைவிக்குக் கொடுத்தேன். அவள் கைக்கு ஏறவில்லை. இன்னும் அதே காகிதத்தில், தகரப் பெட்டியில் இருக்கின்றன.